குடும்பச் சுற்றுலாவுக்கேற்ற கமரா

விடுமுறைக்கு ஊர் வரும் அன்பர் பலர், கமரா வாங்குமுன் எத்தனை மெகாபிக்சல் என்றே வினவுகின்றனர். அவ்வெண் விற்பனையாளருக்கு உதவுமளவு படத்துக்கு உதவாது. ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பும் வில்லையின் தரமுமே முதன்மையானவை. உணரி சிறிதாயின், நல்லூர் வீதியில் இரவில் எடுத்த படம் புள்ளி புள்ளியாய்ச் சிதறும். கைத்தொலைபேசி போதாதோ எனின், பகலிற் பெரும்பாலும் போதும்.

நம் நிலத்துக்கே உரிய இடர்களும் உள. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறுவோர்மேல் உப்புநீர் தெறிக்கும். மணற்காட்டு மணலோ, வில்லை மாற்றும் வேளை பார்த்து உட்புகும். ஆதலின் வில்லை கழற்றப்படாததும் நீர் புகாததுமான சிறு கருவியே குடும்பத்தினர்க்குச் சாலும். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையின் வெண்மணல் ஒளியிற் கருவி ஏமாந்து முகங்களைக் கருமையாக்கும். ஒளியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்க.

நாடாவிற் பதியும் பழைய நிகழ்படக் கருவி மலிவாய்க் கிடைப்பினும் வேண்டா. அந்நாடாவை ஓட்டும் பொறி அரிதாகிவிட்டது.

கருவியினும் பெரிது படத்தைக் காத்தல். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வீட்டில் விட்டுச்சென்ற திருமணப் படத்தொகுதிகளை மீளக் காணாதோர் நம்மிற் பலர். எனவே படங்களுக்கு இரு பிரதி எடுத்து, ஒன்றைக் கடல் கடந்த உறவினரிடம் ஒப்படைக்க. ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் ஊரும், நிற்போர் பெயரும் எழுதிவைக்க.