வகுப்பறைக்கு ஏற்ற ஸ்டீரியோ நுண்ணோக்கி

நுண்ணோக்கி என்றவுடன், பொருளை ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியே பலர் நினைவிற்கு வருகிறது. பள்ளிகள் கருவி வாங்கும்போதும் இவ்வெண்ணமே முந்தி நிற்கிறது. ஆயினும், தானியக் கிடங்கில் பிடித்த வண்டை அக்கருவியின்கீழ் வைத்தால் மாணவன் காண்பது ஒரு கருநிழலே. உயர்பெருக்கக் கருவிக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய சீவல் வேண்டும். அது காட்டும் உருவமும் தலைகீழானது. முழுப்பொருளை உள்ளவாறே நேராகக் காட்டுவது ஸ்டீரியோ நுண்ணோக்கி. கிடைத்த தொகை ஒரு கருவிக்கே போதும் என்னும் நிலையில், தேர்வு தவறினால் அக்கருவி ஆண்டுக்கணக்கில் அலமாரியிலேயே கிடக்கும்.

அமைப்பு

நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களிலிருந்து காண்கின்றன. அவ்விரு தோற்றங்களையும் மூளை ஒன்றாக்குவதனால் ஆழம் புலனாகிறது. இதனை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். அமெரிக்க உயிரியலறிஞர் கிரீனோவின் யோசனைப்படி, ஜெர்மனியின் ஜேனா நகரிலிருந்த ஸைஸ் நிறுவனம் 1890-களில் இத்தத்துவத்தை நுண்ணோக்கியில் அமைத்தது. அதில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு பொருளருகு வில்லைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும்; முப்பட்டகங்கள் உருவத்தை நேராக்கும். மற்றொரு வகையில், பெரிய பொது வில்லை ஒன்றின் வழியே இரு ஒளிப்பாதைகளும் செல்லும். பல துணைக்கருவிகளைப் பொருத்த இது வசதியானது, விலையும் மிகுதி. வகுப்பறைக்கு முதல் வகையே போதும்.

இரு கண்குழல்கள் இருப்பதனாலேயே ஒரு கருவி ஸ்டீரியோ ஆகிவிடாது. ஒரே பொருளருகு வில்லையின் உருவத்தை இரண்டாகப் பிரித்து இரு கண்களுக்கும் அனுப்பும் கருவிகளும் உண்டு. அவற்றில் ஆழம் தெரியாது.

பெருக்கமும் புலமும்

பெருக்கம் கூடக்கூடப் பார்வைப்புலம் சுருங்கும். கண்ணருகு வில்லையின் புல எண் 20 எனில், 1 மடங்குப் பொருளருகு வில்லையில் தெரியும் வட்டத்தின் விட்டம் 20 மி.மீ.; 4 மடங்கு வில்லையில் 5 மி.மீ. மட்டுமே. கண்ணருகு வில்லை 10 மடங்காயின், இவை முறையே 10, 40 மடங்குப் பெருக்கங்களாகும். பள்ளிப்பணி பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடும்.

களப்பணிக்கும் இதுவே பொருந்தும். கிடங்கில் சிக்கிய 3 மி.மீ. வண்டு நீண்ட மூக்குடைய அரிசிக் கூன்வண்டா, தலையை மார்புக்கவசத்தின்கீழ் மறைத்துக்கொண்ட தானியத் துளைப்பானா என்பது 20 மடங்கிலேயே விளங்கும். உடலெங்கும் மயிர்கள் செறிந்த கப்ரா வண்டின் புழுவையும் அவ்வாறே அறியலாம்.

பெரிய எண்ணைக் காட்டுவதற்காக 20 மடங்குக் கண்ணருகு வில்லையைச் சேர்த்து விற்பதுண்டு. அதனால் உருவம் பெரிதாகும்; ஆனால் ஒளி மங்கும், புலம் குறையும். பொருளருகு வில்லை பிரித்துக் காட்டாத நுட்பத்தைக் கண்ணருகு வில்லை படைத்துத் தர இயலாது.

வில்லைக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள பணித்தூரமும் முக்கியமானது. அது 8 அல்லது 10 செ.மீ. இருப்பின், ஊசியும் இடுக்கியும் கொண்டு பூவைப் பிரிக்கக் கை தடையின்றி இயங்கும்.

ஒளி

மேலிருந்து விழும் ஒளி இன்றியமையாதது. அது பக்கவாட்டில் சாய்ந்து விழுமாயின், நிழல்களால் மேடுபள்ளங்கள் தெளியும். எல்.இ.டி. விளக்கு வெப்பம் குறைந்ததாதலின் உயிருள்ள புழு எளிதில் வாடாது. மின்தடை மிகுந்த ஊர்களுக்கு மின்கலத்தாலும் இயங்கும் கருவி நன்று.

வாங்குமுன் சோதனை

மில்லிமீட்டர் வரைதாளைக் கருவியின்கீழ் வைத்து இரு கண்களாலும் நோக்குக. கோடுகள் இரட்டையாகத் தெரிந்தாலும், ஒன்றாக்கக் கண் வருந்தினாலும், ஒளிப்பாதைகள் பிசகியுள்ளன எனக் கொள்ளலாம். அத்தகைய கருவி மாணவர்க்குத் தலைவலியைத் தரும். பெருக்கத்தை மாற்றும்போது மையப்புள்ளி பெரிதும் விலகுதல் கூடாது.

கண்குழல்களின் இடைவெளியையும் அளந்து பார்த்தல் வேண்டும். பல கருவிகளில் அது ஏறத்தாழ 55 முதல் 75 மி.மீ. வரை மாறும். கீழ்வகுப்புச் சிறுவர் சிலரின் கண்மணிகளுக்கிடையே அவ்வளவு தூரம் இராது. அவர்கள் ஒற்றைக் கண்ணாலேயே பார்க்க நேரிடும். மாறுகண் போன்ற குறையுடைய மாணவருக்கு ஆழம் புலப்படாதிருக்கலாம். அதனைக் கவனக்குறைவெனக் கருதுதல் தகாது. மற்ற விவரங்களை அவரும் நன்கு காண இயலும்.

பேணுதல்

மழைக்காலத்தில் வில்லைகளின்மேல் பூஞ்சை படரும். அதன் தடம் சில வேளை நீங்குவதே இல்லை. ஈரம் தங்கும் மரப்பெட்டியில் அடைக்காது, சிலிக்கா ஜெல் பையுடன் உறையிட்டு வைத்தல் நன்று. தூசியை முதலில் ஊதுகுமிழாலும் மென்தூரிகையாலும் அகற்றிய பின்னரே வில்லைத்தாளால் துடைத்தல் வேண்டும். வேட்டி நுனியும் கைக்குட்டையும் வில்லையைக் கீறிவிடும்.

இங்ஙனம் தேர்ந்து பேணப்படும் கருவி பல்லாண்டு உழைக்கும். சீவல் தயாரித்தல், சாயமேற்றுதல் போன்ற முன்னேற்பாடுகள் எதுவுமின்றி, வயல்வரப்பிலிருந்து மாணவன் கொண்டுவரும் பொருளை அன்றே அவனுக்குக் காட்டிவிடலாம். வகுப்பறையில் இதனினும் பெரும்பயன் தரும் கருவிகள் சிலவே.