நோயாளி தூக்கி

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ் நகரைச் சேர்ந்த டெட் ஹோயர், கார் விபத்தில் கைகால் செயலிழந்தவர். தம் நிலைக்குத் தீர்வாக அவர் கண்ட கருவி இது. இன்றும் இதை ‘ஹோயர் லிஃப்ட்’ என்றே பலரும் அழைக்கிறார்கள்.

வெறுங்கையால் நோயாளியைத் தூக்குவதென்றால் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது 2007-இல் வெளியான அமெரிக்கப் பரிந்துரை. எந்தப் பெரியவரும் அதைவிடக் கனம்தான். அந்தக் கனத்தை அன்றாடம் தாங்கியது செவிலியரின் இடுப்பு.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்கடியில் துணித்தூளியை நுழைப்பார்கள். அதன் வார்களைக் கொக்கிகளில் மாட்டிக் கைப்பிடியை ஏற்றி இறக்க, கார் ஜாக்கியைப் போல எண்ணெய் அழுத்தம் ஆளை மெல்ல உயர்த்தும். வால்வை இம்மி இம்மியாகத் திறந்தால்தான் நாற்காலியில் அலுங்காமல் இறக்க முடியும். அடிக்கால்கள் அகன்றிருப்பதைக் கவனியுங்கள்: விரிக்காமல் தூக்கினால் கருவியே சாய்ந்துவிடக்கூடும்.