தேனீப் பெட்டிகளை ஈக்கள் நஷ்டமின்றி இடம் மாற்றும் முறை

தேனீ வளர்ப்போர் தங்கள் பெட்டிகளை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மாற்ற வேண்டிய அவசியம் பல காரணங்களால் உண்டாகிறது. நிழல் தரும் மரம் வெட்டப்படலாம்; தோட்டத்தில் வீடு எழலாம்; மழைநீர் தேங்கலாம்; அண்டை வீட்டார் ஆட்சேபிக்கலாம். புதுச்சேரி நகரைச் சேர்ந்த கருவடிக்குப்பத்தில் இவ்வவசியம் அடிக்கடி நேருவதாகும். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வசித்த பாரதியார் உலவிய குயில் தோப்பு இவ்வூரிலுள்ளது என்பர். தோப்புகள் பெரும்பாலும் மனைகளாகிவிட்ட இந்நாளில், வீட்டுக் கொல்லைகளில் எஞ்சிய தென்னை, மா, வேம்பு முதலியவற்றை நம்பியே இங்கு ஒன்றிரண்டு பெட்டிகள் வைக்க இயலும். ஆதலின் பெட்டி மாறுவதும் கொல்லையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கோ, அடுத்துள்ள இலாசுப்பேட்டை, முத்தியால்பேட்டை ஆகிய இடங்களுக்கோதான். தூரம் குறைவாயிருப்பதால் வேலை எளிதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர் மாறானது. இருபது மைல் கொண்டு போவதைவிட இருநூறு கஜம் கொண்டு போவதே அதிக அபாயமுள்ளது.

ஈக்கள் வழி தவறுவதன் காரணம்

கூட்டைவிட்டு முதன்முதல் வெளிவரும் வேலைக்கார ஈ, உடனே பூவை நாடிப் போவதில்லை. அது கூட்டை நோக்கி முகம் வைத்து, முன்னும் பின்னும் பறந்து, அருகிலுள்ள மரம், சுவர், கூரை முதலிய அடையாளங்களைக் கற்றுக்கொள்கிறது. இவ்வாறு அது மனத்திற் பதித்துக்கொள்வது பெட்டியின் உருவத்தையன்று. பெட்டி நிற்கும் இடத்தையே. பெட்டியை முப்பதடி தள்ளி வைத்துவிட்டால், மறுநாள் காலை இரை தேடச் சென்ற ஈக்கள் பழைய இடத்திற்கே திரும்பி, வெறும் நிலத்தின்மேல் வட்டமிட்டுக் களைத்து மடிகின்றன.

நஷ்டம் இவ்வளவோடு நிற்பதில்லை. தேனும் மகரந்தமும் நீரும் கொண்டு வருபவை இம்முதிர்ந்த ஈக்களே. இவை இல்லாதபோது புழுக்களுக்கு உணவு குறைகிறது. வெயிற்காலத்தில் கூட்டைக் குளிரச் செய்ய நீரும் கிடைப்பதில்லை. ஈக்கள் மூடாத அடைகளில் மெழுகுப் பூச்சி புகுகிறது. நம் நாட்டு இந்தியத் தேனீ இவ்விடையூறுகளைப் பொறுப்பதன்று. சில தினங்களில் இராணியுடன் கூண்டோடு பறந்துவிடும். பெட்டி மட்டும் மிஞ்சும். பூசணி, வெள்ளரி, பீர்க்கு முதலிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால், அக்கொல்லையின் காய்ப்பும் குன்றும்.

தூரத்திற்கேற்ற மூன்று வழிகள்

1. ஒரே கொல்லைக்குள் மாற்றுதல்: பெட்டியை நாளொன்றுக்கு இரண்டடிக்கு மேற்படாமல் நகர்த்துக. இருபதடி நகர்த்தப் பத்து நாள் போதும். மழையினால் ஈக்கள் வெளியே பறவாத நாளைக் கணக்கிற் சேர்க்கலாகாது. அன்று நகர்த்துதலும் கூடாது. வாயில் நோக்கும் திசையையும் திடீரென மாற்றலாகாது.

2. ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடத்திற்கு மாற்றுதல்: இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே இரை தேடும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அதற்குப் பழகிய அடையாளம் ஒன்றும் இராது. ஆகவே அது புது இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். கருவடிக்குப்பத்திலிருந்து வில்லியனூருக்கோ பாகூருக்கோ ஒரே இரவில் பெட்டியைக் கொண்டு போகலாம்.

3. இடைப்பட்ட தூரத்திற்கு மாற்றுதல்: அடுத்த தெருவும் அடுத்த பேட்டையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இதற்கு நேர்வழி செல்லாமல் சுற்றுவழி செல்வதே உத்தமம். முதலில் பெட்டியை வில்லியனூர் போன்ற தூர இடத்திலுள்ள உறவினர் அல்லது நண்பர் தோட்டத்தில் மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் பழைய இடத்தை அறிந்த ஈக்களிற் பெரும்பாலானவை ஆயுள் முடிந்து போகும். எஞ்சியவை புது இடத்திற்குப் பழகிவிடும். பின்னர் இலாசுப்பேட்டைக்குக் கொண்டு வந்தால் ஈக்கள் பழைய கொல்லையைத் தேடிச் செல்லா. இருமுறை தூக்கும் சிரமம் ஒரு குடும்பத்தை இழக்கும் நஷ்டத்தைவிடச் சிறிதேயாகும்.

பிரயாணத்திற்கு ஆயத்தம்

முதல் நாள் பெட்டியைத் திறந்து, முதிர்ந்த தேனை எடுத்துவிடுக. தேன் நிறைந்த இளம் அடைகள் ஆட்டத்தில் அறுந்து விழுந்து இராணியையும் புழுக்களையும் நசுக்கும். சட்டங்கள் அசையாதபடி இடையே சிறு கட்டைகளைச் செருகுக. அடிப்பலகையையும் அறைகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுக. உள்மூடிக்குப் பதிலாகக் கம்பி வலையைப் பொருத்துக. மூச்சுக்கு வழியின்றி அடைபட்ட ஈக்கள் தம் சூட்டினாலேயே வெந்து மடியும்.

அந்தி மயங்கி எல்லா ஈக்களும் உள்ளே சென்ற பின்னரே வாயிலை வலையால் அடைக்க வேண்டும். வெளியே தொங்குபவற்றைச் சிறிது புகையால் உட்செலுத்தலாம். மோட்டார் வண்டியில் வைக்கும்போது சட்டங்களின் நீளம் பாதையின் போக்கிலேயே இருத்தல் வேண்டும். அப்போது வண்டி நின்று புறப்படும் குலுக்கலில் அடைகள் ஒன்றோடொன்று மோதா. வழியில் தங்காமல் விடியுமுன் போய்ச் சேருக. தாமதம் நேரின் பெட்டியை நிழலில் இறக்கி, வலையின்மேல் நீர் தெளிக்கவும்.

புது இடத்தில் செய்ய வேண்டுவன

காலை இளவெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடத்தைத் தெரிந்துகொள்க. தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெட்டியை வைத்தபின் அரை மணி நேரம் அசையாது விட்டு, வாயிலைச் சிறிதளவே திறக்கவும். வாயிலின் முன் ஓர் இலைக் கொத்தைச் சாய்த்து வைப்பது நலம். வழியில் தடை கண்ட ஈ தயங்கி, திரும்பி நோக்கி, இடத்தைக் கற்றுக்கொள்ளும்.

குடும்பம் ஓடிப்போகாதிருக்க, இராணித் தடுப்பை வாயிலில் நான்கைந்து நாள் பொருத்தலாம். ஆயின் இன்னும் கலவிக்குப் பறவாத இளம் இராணி உள்ள கூட்டில் அதனைப் பொருத்தலாகாது. ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் சேர்த்த பாகை மாலையில் பெட்டிக்குள் வைக்கவும். வெளியே சிந்தினால் எறும்பும் அயல் ஈக்களும் கொள்ளையிட வரும்.

காலமும் முன்னெச்சரிக்கையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் இரை குறைவு. அக்காலம் இடமாற்றத்திற்கு உகந்ததன்று. மழை நின்று பூக்கள் தோன்றும் தை, மாசி மாதங்களே ஏற்றவை.

நோயுற்ற கூட்டை எக்காரணத்தாலும் பெயர்த்துச் செல்லலாகாது. 1991-92ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய், இந்தியத் தேனீக் குடும்பங்களிற் பெரும்பகுதியை அழித்தது. உருமாறி நிமிர்ந்து கிடக்கும் புழு, நீர் நிறைந்த பை போல் தோன்றின், அப்பெட்டியைத் தனியே விலக்கி வைக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியினர், இரப்பர் மரங்கள் துளிர்க்கும் பருவத்தில் அம்மரங்களின் இளந்தளிர்த் தேனுக்காகத் தம் பெட்டிகளைத் தொலைவிலுள்ள தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்கின்றனர். இரவுப் பயணமும், காற்றோட்டமும், தக்க தூரமுமே அவர்களுக்குத் துணை. கருவடிக்குப்பத்தில் ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கும் விதி அதுவே. பெட்டியைத் தூக்குமுன் தூரத்தை அளந்து, அதற்குரிய வழியைத் தெரிந்துகொள்வாராயின், பெட்டியோடு ஈக்களும் புது இடத்தில் நிலைபெறும்.