டி'குரூஸ் என்று அடித்தால் விண்ணப்பம் ஏன் நின்றுபோகிறது?

விண்ணப்பிக்கக் கடைசி நாள், மாலை ஐந்து மணி. என் கல்லூரித் தோழி ஒருத்தி, ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் இணையப் படிவத்தில் எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டு ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினாள். படிவம் மறைந்து வெள்ளைத் திரை வந்தது. அதில் ஒரே ஒரு ஆங்கில வரி: “யூ ஹேவ் அன் எரர் இன் யுவர் எஸ்க்யூஎல் சின்டாக்ஸ்.” திரும்ப நிரப்பினாள், திரும்பவும் அதே வரி. பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பித்த மற்றவர்களுக்கெல்லாம் ஒப்புகைச் சீட்டே வந்துவிட்டது. உதவி எண்ணுக்கு அழைத்தபோது, “பேர்ல இருக்கிற அந்தக் குறியை எடுத்துட்டுப் போடுங்கம்மா, போயிடும்” என்றார்கள். எடுத்தாள், போய்விட்டது.

அவள் தூத்துக்குடிக்காரி. குடும்பப் பெயர் டி'குரூஸ். முத்துக்குளித்துறையில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்த காலத்திலிருந்து புழங்கிவரும் பெயர்களில் ஒன்று. எழுத்தாளர் ஜோ டி குரூஸ் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்தக் குறி வரும். அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் குறியோடுதான் பெயர் இருக்கிறது. சில மாதம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனால், “இதுல ஒரு பேரு, அதுல ஒரு பேரு இருக்கே, எதும்மா உன் பேரு?” என்று கேட்டிருக்கிறார்கள்.

தப்பு அவள் பெயரில் இல்லை, படிவத்துக்குப் பின்னால் இருந்த நிரலில். இந்தப் பிழை எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. அலுவலகத்தில் சின்னச் சின்ன இணையப் படிவங்களைப் பார்த்துக்கொள்பவர்கள், இ-சேவை மையத்தில் பணிபுரிபவர்கள், பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பியையும் மைஎஸ்க்யூஎல்லையும் இணைக்கும் பாடம் படிக்கும் மாணவர்கள், எல்லாருக்கும் இது பயன்படும்.

கணினிக்கு எங்கே குழப்பம்?

நீங்கள் படிவத்தில் அடிப்பதை பிஎச்பி நிரல் வாங்கிக்கொள்கிறது. அதை வைத்து எஸ்க்யூஎல் மொழியில் ஒரு வினவல் எழுதி, தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. கட்டளைச் சொற்களை இங்கே வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நிரலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

இன்செர்ட் இன்டு விண்ணப்பம் (பெயர்) வேல்யூஸ் ('முருகன்')

முருகன் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள ஒற்றை மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். ‘இங்கே ஆரம்பித்து இங்கே முடிவதுதான் பெயர்’ என்று தரவுத்தளத்துக்குச் சொல்பவை அவைதான். இப்போது என் தோழியின் பெயரைப் போடுவோம்.

இன்செர்ட் இன்டு விண்ணப்பம் (பெயர்) வேல்யூஸ் ('டி'குரூஸ்')

தரவுத்தளம் இதை எப்படிப் படிக்கும்? முதல் குறியில் பெயர் ஆரம்பிக்கிறது. டி-க்கு அடுத்த குறியில் பெயர் முடிந்துவிட்டது. அப்போ பெயர் வெறும் ‘டி’. சரி, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘குரூஸ்’ யார்? அங்கே ஒரு காற்புள்ளியோ மூடும் அடைப்போ வந்திருக்க வேண்டும். வரவில்லை. இலக்கணப் பிழை என்று கையை விரித்துவிடுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் இந்தப் பிழைக்கு எண் 1064.

இதே கதி பெயருக்கு மட்டும் இல்லை. செயின்ட் மேரி'ஸ் ரோடு என்று முகவரியை ஆங்கிலத்தில் எழுதினாலும் நடக்கும். குறைதீர்ப்பு மனுவில் ‘தண்ணீர் வரவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் ‘டின்'ட் கம்’ என்கிற மாதிரி எழுதினாலும் நடக்கும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்தக் குறி அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. நிரல் எழுதியவர் குமார், கவிதா, ‘டெஸ்ட்’ என்றெல்லாம் போட்டுப் பார்த்திருப்பார். எல்லாம் ஜோராக வேலை செய்திருக்கும். அதனால்தான் இந்த ஓட்டை கடைசி நாள் வரைக்கும் யார் கண்ணிலும் படுவதில்லை.

பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள்

பிழைச் செய்தியில் ஆங்கிலத்தில் ‘நியர்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு துண்டு வரும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. வினவலைப் படித்துக்கொண்டே வந்த தரவுத்தளம் எந்த இடத்தில் தடுக்கி நின்றதோ, அங்கிருந்து தொடங்கும் பகுதி அது. தோழி விஷயத்தில் குரூஸ் என்று ஆரம்பித்திருக்கும். பெரும்பாலும் தப்பு அந்த இடத்தில் இருக்காது, அதற்குச் சற்று முன்னால் இருக்கும். கல் தடுக்கியவன் விழும் இடம் வேறு, கல் கிடக்கும் இடம் வேறு இல்லையா, அந்த மாதிரி.

அப்டேட் விண்ணப்பம் செட் பெயர் = 'முருகன்', ஊர் = 'தேனி', வேர் எண் = 5

இங்கே ‘வேர்’ என்பது எந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று சொல்லும் கட்டளைச் சொல். செய்தி ‘நியர் வேர் எண் = 5’ என்று வரும். உடனே நாம் ‘வேர்’ சொல்லை நோண்டிக்கொண்டிருப்போம். ஆனால் குற்றவாளி, தேனிக்குப் பின்னால் தேவையில்லாமல் நிற்கும் அந்தக் காற்புள்ளி.

இன்னொன்று, என்னை ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றலில் விட்டது. வினவலை இரண்டு வரியாக எழுதி, பிஎச்பியில் புள்ளி வைத்து ஒட்டியிருந்தேன். முதல் வரியின் முடிவில் இடைவெளி விட மறந்துவிட்டேன். ஒட்டிய பிறகு அது இப்படி ஆகிவிட்டது:

செலக்ட் பெயர் ஃப்ரம் விண்ணப்பம்வேர் எண் = 5

தரவுத்தளம் ‘விண்ணப்பம்வேர்’ என்று ஒரு அட்டவணை இருப்பதாக நினைத்துக்கொண்டது. ‘எண்’ என்பது அந்த அட்டவணைக்கு நாம் வைத்த செல்லப்பெயர் என்று எடுத்துக்கொண்டது. அதனால் அது தடுக்கியது சமக்குறியில். செய்தியில் ‘நியர் = 5’ என்று மட்டும் இருந்தது. சமக்குறியில் என்ன தப்பு இருக்க முடியும் என்று எத்தனை நேரம்தான் வெறித்துப் பார்ப்பது!

‘நியர்’ என்பதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் வெறும் மேற்கோள் குறிகள் மட்டும் இருந்தால், வினவல் பாதியில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மூடும் அடைப்பு விட்டுப்போயிருக்கலாம். அல்லது ‘வேர் எண் = ’ என்று எழுதி, அடுத்து வர வேண்டிய மாறி காலியாக வந்திருக்கலாம். படிவத்தில் புலத்துக்கு வைத்த பெயர் ஒன்று, நிரலில் கேட்கும் பெயர் வேறொன்று என்றால் இப்படித்தான் ஆகும்.

சில சொற்கள் தரவுத்தளத்துக்கே சொந்தமானவை. ஆர்டர், குரூப், கீ போன்றவற்றைப் புலத்தின் பெயராக அப்படியே வைத்தால் 1064 வரும். பதிப்பு மாறும்போது இந்தப் பட்டியலும் வளர்கிறது. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை ‘ரேங்க்’ என்று புலத்துக்குப் பெயர் வைக்க முடிந்தது. 8.0-ல் அது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. தரவரிசைப் பட்டியல் வெளியிடும் நிரல்களில் இந்தப் பெயர் சகஜம். நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, சர்வரை மட்டும் புதுப்பித்தோம், ஆனால் பட்டியல் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். புலத்தின் பெயரை மாற்றலாம். இல்லையென்றால், விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறிக்குள் அந்தப் பெயரைப் போடலாம்.

வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டு கோப்பிலிருந்தோ வினவலை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் இருந்தால், மேற்கோள் குறிகள் வளைந்து போயிருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த குறியை மைஎஸ்க்யூஎல் மேற்கோளாகவே மதிப்பதில்லை. அப்படி ஒரு புலமே இல்லை என்று 1054 என்ற வேறு எண்ணைக் காட்டி நம்மை வேறு திசையில் அனுப்பிவிடும்.

பிஎச்பி மறைத்து வைப்பது

பழைய நிரல்களில் இன்னொரு சிக்கல். வினவல் தோற்றால் பிஎச்பி சத்தமே போடாது. ‘ஃபால்ஸ்’ என்ற ஒரு மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி அந்த ‘ஃபால்ஸ்’ஸிலிருந்து பதிவுகளை எடுக்கப் பார்க்கும்போதுதான் பிழை வெடிக்கும். பிழை காட்டும் வரி ஒன்று, உண்மையான வரி அதற்கு மேலே. பிஎச்பி 8.0-ல் பிடிஓவுக்கும், 2021 நவம்பரில் வந்த 8.1-ல் மைஎஸ்க்யூஎல்ஐக்கும் இந்த இயல்பை மாற்றிவிட்டார்கள். இப்போது வினவல் தோற்ற இடத்திலேயே நிரல் நின்று சொல்லிவிடும். பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் மைஎஸ்க்யூஎல்ஐ ரிப்போர்ட் என்ற செயற்கூற்றை நிரலின் தொடக்கத்தில் அழைத்து இதே வசதியைப் பெறலாம்.

எந்தப் பதிப்பானாலும், நான் முதலில் செய்வது ஒன்றுதான். நிரலில் எழுதியிருக்கும் வினவலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாறிகளெல்லாம் உள்ளே போய் முழுசாக உருவான வினவலை அச்சிட்டுப் பார்ப்பேன். அதை அப்படியே எடுத்து பிஎச்பிமைஅட்மினில் ஓட்டினால் பாதிப் பிழைகள் கண்ணுக்கே தெரிந்துவிடும். இதைச் சோதனைக் கணினியில் மட்டும் செய்யுங்கள். மக்கள் பயன்படுத்தும் தளத்தில் பிழைச் செய்தி திரைக்கு வரவே கூடாது, பதிவுக் கோப்புக்குத்தான் போக வேண்டும். அட்டவணையின் பெயரையும் புலங்களின் பெயரையும் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டுவது நல்லதில்லை.

நிரந்தரமாகச் சரிசெய்ய

குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு அதை அடக்கிவைப்பது பழைய வழி. ஒரு காலத்தில் பிஎச்பியே இதைத் தானாகச் செய்தது, ‘மேஜிக் கோட்ஸ்’ என்று பெயர். சில இடங்களில் அந்தக் கோடு ஒன்றுக்கு இரண்டாகி, பெயரோடு சேர்ந்து சேமிக்கப்பட்டு, அச்சிலும் டி\'குரூஸ் என்றே வந்தது. 2012-ல் வந்த 5.4 பதிப்போடு அந்த வசதியை எடுத்தேவிட்டார்கள்.

சரியான வழி, வினவலையும் தகவலையும் தனித்தனியாக அனுப்புவது.

இன்செர்ட் இன்டு விண்ணப்பம் (பெயர்) வேல்யூஸ் (?)

பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். ‘பிரிப்பேர்’ என்ற செயற்கூற்றின் வழியாக இதை முதலில் அனுப்பினால், தரவுத்தளம் இலக்கணத்தைச் சரிபார்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு ‘பைண்ட் பாரம்’ வழியாகப் பெயரை இணைத்து, ‘எக்ஸிக்யூட்’ கொடுக்கிறோம். பெயருக்குள் எத்தனை குறி இருந்தாலும் இலக்கணம் கெடாது, ஏனென்றால் இலக்கணம் பார்க்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. புதிதாகச் செய்பவர்கள் அந்தக் கேள்விக்குறியைச் சுற்றிப் பழக்கதோஷத்தில் மேற்கோள் குறி போட்டுவிடுவார்கள். போட்டால் அது வெறும் கேள்விக்குறி எழுத்தாகிவிடும். அட்டவணையின் பெயருக்கும் புலத்தின் பெயருக்கும் கேள்விக்குறி போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பெயருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தோழியின் பெயர் தெரியாமல் திறந்த அதே கதவை, வேண்டுமென்றே திறக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்ப எண் கேட்கும் இடத்தில் 5 என்பதற்குப் பதிலாக ‘5 ஆர் 1=1’ என்று அடித்தால், ஒட்டுப்போட்ட நிரலில் நிபந்தனை எல்லா வரிசைக்கும் பொருந்திவிடும். ஒருவருடைய விவரம் வர வேண்டிய இடத்தில் எல்லாருடைய முகவரியும் கைபேசி எண்ணும் வந்து நிற்கும். இதில் மேற்கோள் குறியே இல்லை, அதனால் பின்சாய்கோடு போடும் பழைய வைத்தியம் இங்கே பலிக்காது. இணையப் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு, இந்த ஊடுருவல் வகையை 2010, 2013, 2017 ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடத்தில் வைத்தது. 2021-ல் மூன்றாம் இடம்.

விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வரி திரையில் வந்தால், பெயரை மாற்றி முயற்சி செய்வதற்கு முன் திரையைப் படமெடுத்து வையுங்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்தப் பெயரை ஏற்கவில்லை’ என்று மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள், கடைசி நாள் பிரச்சினைக்கு அதுதான் ஆதாரம். பெயர் மாற்றத்துக்கென்று அரசிதழில் வெளியிடும் முறை தனியாக இருக்கிறது. படிவம் ஒத்துழைக்கவில்லை என்பதற்காக யாரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இ-சேவை மைய ஊழியர்களும், “குறியை எடுத்துட்டுப் போடலாமா?” என்று கேட்பதற்கு முன், அவர் கையில் இருக்கும் ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு: படிவத்தைச் சோதிக்கும்போது குமாரோடு நிறுத்தாதீர்கள். பெயரில் டி'குரூஸ், முகவரியில் செயின்ட் மேரி'ஸ் ரோடு, எண் கேட்கும் இடத்தில் ‘5 ஆர் 1=1’, ஒரு புலத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு ஒரு முறை. நான்கையும் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.