லிஃப்ட் நின்னுபோச்சா? ஆஸ்பத்திரிக் கட்டடத்தை யார் பார்த்துக்கறாங்க, யாரிடம் சொல்லணும்?

டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்று, "பிரசவத்துக்கு எங்கே போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று உடனே பதில் வரும். அடிபட்டால் ஸ்டான்லி. பெரியவர்கள் சிலர் அதை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் வந்த பெயர் அது. எந்த ஓ.பி. எந்தக் கிழமை என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் வலி எடுத்த பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்திருக்கும்போது லிஃப்ட் நின்றுபோனால் யாரிடம் சொல்வது? பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் சத்தம் போடுகிறோம். பாவம், லிஃப்ட் சாவி அவங்க கையில் இல்லை.

பெரிய தனியார் மருத்துவமனைகளில் இந்த வேலைக்கென்றே ஆள் உண்டு. அன்றாடப் பராமரிப்புக்கு ஃபெசிலிட்டி மேனேஜர், புதுக் கட்டடம் அல்லது புதுப்பிப்பு வேலைக்கு புராஜெக்ட் மேனேஜர். சாதாரண கட்டட வேலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். வீட்டில் டைல்ஸ் மாற்றுவதென்றால் நாலு நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அங்கேயே இருப்பார்கள், வேலையும் நடந்தாகணும்.

ஒரு சுவரை உடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் நுண்துகளும் கிளம்பும். உங்களையும் என்னையும் அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புற்றுநோய் சிகிச்சையில் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பவரின் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வேலை நடக்கும் இடத்தைத் தரையிலிருந்து கூரை வரை ஷீட் போட்டு அடைக்கிறார்கள், இடிபாட்டை வேறு வழியாக இறக்குகிறார்கள். "ஏன் இந்தப் பாதையை மூடி வெச்சிருக்காங்க, சுத்திப் போகச் சொல்றாங்க?" என்று எரிச்சல் வரும். அந்த ஷீட்டை மட்டும் விலக்கிக்கொண்டு குறுக்கே போகாதீர்கள்.

தண்ணீரும் அப்படித்தான். ஒருவருக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்ய, நிமிடத்துக்கு 500 மில்லி என்ற கணக்கில் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். பழைய பைப்பை மாற்ற ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்துவதாக இருந்தாலும், டயாலிசிஸ் பிரிவின் அட்டவணையைப் பார்க்காமல் வால்வில் கை வைக்க முடியாது.

நம்ம பக்கத்தில் கூடுதல் தொல்லை, கடல். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றில் ஏ.சி.யின் வெளி யூனிட், சுவிட்ச் பெட்டி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் காட்டியபடி, ஜெனரேட்டரைத் தரையோடு தரையாக வைப்பதும் இங்கே சரிவராது.

தீ விஷயத்தில் விளையாட்டே கூடாது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லிலும் ஒரு தனியார் மருத்துவமனைத் தீ உயிர்களைப் பறித்தது. மாடிப்படியில் உடைந்த கட்டில், அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், அதுவும் புகார் செய்ய வேண்டிய விஷயம்தான்.

சரி, அரசு மருத்துவமனையில் இந்த மேனேஜர் யார்? ஒரே ஆள் கிடையாது. வேலை பிரிந்து கிடக்கிறது, புகார்கள் சுற்றிச் சுற்றி வருவதற்கு முக்கியக் காரணமும் இதுதான். ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் கட்டடம், ஒயரிங் போன்றவை பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் பொறுப்பு. ஸ்கேன் போன்ற கருவிகளை வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். துப்புரவும் காவலும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம். இவர்கள் எல்லோரையும் உள்ளேயிருந்து ஒருங்கிணைப்பவர் நிலைய மருத்துவ அலுவலர், அதாவது ஆர்.எம்.ஓ. உங்கள் முதல் கதவு அவர் அறைதான்.

உங்கள் தெருப்பக்கம் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இதில் சேராது, அது மாநகராட்சியுடையது. திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சி. இப்போது டோல்கேட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் 1913 என்ற ஒரே எண்தான், இல்லையென்றால் நம்ம சென்னை ஆப். இ.எஸ்.ஐ. மருந்தகம் என்றால் அதற்கு இ.எஸ்.ஐ. நிர்வாகம் தனி.

ஆர்.எம்.ஓ.விடம் சொல்லியும் நகரவில்லையா? மருத்துவம் சார்ந்த புகாருக்கு 104, பொதுவாக எந்தத் துறைக்கும் முதல்வரின் முகவரி 1100. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "ஆஸ்பத்திரி மோசம், லிஃப்ட் ஓடல" என்று எழுதினால், படிப்பவருக்கு எந்த லிஃப்ட் என்றே தெரியாது. "மகப்பேறு பிளாக், இடது பக்க லிஃப்ட், இரண்டாவது மாடியில் நிற்கிறது, இன்று காலை 10 மணியிலிருந்து, சாய்தளப் பாதையும் பூட்டியிருக்கிறது" என்று எழுதுங்கள். அதை அப்படியே மெக்கானிக்குக்கு அனுப்பலாம். போட்டோ எடுத்தால் சுவர், போர்டு, குழாய் மட்டும். மற்ற நோயாளிகளின் முகம் விழவே கூடாது.

ஆனால் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டாலோ, புகை தெரிந்தாலோ ஆப்பைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள், கூடவே 101 அல்லது 112-க்கு போன் போடுங்கள். லிஃப்ட் கதவை நீங்களே நெம்பித் திறக்க முயல வேண்டாம்.