கீழ்க்கட்டளை பக்கம் வரும் வல்லூறு முட்டையிடுவது எங்கே?

குளிர்காலத்தில் கீழ்க்கட்டளை பக்கம் புறாக் கூட்டம் திடீரென்று சிதறினால், கொஞ்சம் மேலே பாருங்க. பொரி வல்லூறாக இருக்கலாம். பாயும்போது மணிக்கு 300 கி.மீ. வேகத்தைத் தாண்டும் பறவை.

இங்கே கூடு கட்டாதா?

கட்டாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வலசை வருபவை ஆர்க்டிக் பகுதிக்குத் திரும்பித்தான் முட்டையிடும். இங்கேயே வாழும் உள்ளினம் 'ஷாஹீன்'. அதற்குச் செங்குத்துப் பாறை வேண்டும். இலங்கையின் சிகிரியா பாறை அப்படி ஓர் இடம்.

ஜோடி என்ன செய்யும்?

குச்சி அடுக்காது. பாறை விளிம்பில் மண்ணைக் கீறிய சிறு பள்ளம்தான் கூடு. ஏறக்குறைய 2 நாளைக்கு ஒன்றாக, வழக்கமாக 3 அல்லது 4 முட்டை. பெரும்பாலும் பெண் அடைகாக்கும். ஆண் இரை கொண்டு வரும். ஒரு மாதத்துக்கு மேல் இதே வேலை. போட்டோவுக்காக நெருங்கினால் தாய் பறந்துவிடும், முட்டை வீணாகலாம். தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்ப்பதே சரி.

நமக்கென்ன சம்பந்தம்?

டிடிடி பூச்சிமருந்து இரை வழியாக உடம்பில் சேர்ந்ததால் முட்டை ஓடு மெலிந்தது. அடைகாத்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. அமெரிக்கா 1972-ல் டிடிடியைத் தடை செய்தது. இந்தப் பறவை ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது 1999-ல்தான்.

கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர், நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது. வலசை வரும் வல்லூறு வேட்டையாடுவதும் அங்கேதான். ஏரியில் எதைக் கொட்டுகிறோம் என்பதை யோசிக்க இது போதுமே.