கரப்பானும் மருந்துச் சோதனையும்

மனிதரைக் கொல்லாது, எனினும் உறங்கவும் விடாது வருத்தும் நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று கரப்பான். ஆங்கில வைத்தியர் இதனை எக்ஸிமா என்பர். பொங்கி வழிதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். தோல் வறண்டு தடிக்கும், அரிக்கும், சொறியச் சொறிய நீர் கசிந்து பின் பொருக்குத் தட்டும். கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும், சற்று வளர்ந்தோருக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும், ஈரத்தில் வேலை செய்வோருக்குக் கைகளிலும் இது மிகுதியாகத் தோன்றும். சொறி சிரங்கைப் போல இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் அடங்கிய சப்பிரகமுவ மாகாணத்தின் பெரும்பகுதி இலங்கையின் ஈர வலயத்தைச் சேர்ந்தது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைநாளில் நனைந்த கையோடுதான் வேலை செய்கின்றனர். எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலோ ஈரத்தோடு இரசாயனமும் சேர்கின்றது. பாலை உறையாமற் காக்கும் அமோனியாவும், அதனை உறைய வைக்கும் போமிக் அமிலமும் தோலை உறுத்துவன. ஈரமும் உறுத்தலும் நாள்தோறும் கூடும் இடத்தில் கைக் கரப்பான் வருவதில் வியப்பில்லை.

நோய் வந்தபின் மருந்து தேடும் படலம் தொடங்குகின்றது. அடுத்த லயத்தார் சொன்ன எண்ணெய், நகரத்துக் கடையில் வாங்கிய களிம்பு, உறவினர் கொடுத்தனுப்பிய விலையுயர்ந்த சவர்க்காரம் என ஒன்றன்பின் ஒன்றாக நாட்கூலியின் ஒரு பங்கு கரைகின்றது. ஒவ்வொன்றையும் புகழ்வதற்கு எவரேனும் ஒருவர் இருக்கின்றார். அவர் பொய் சொல்வதில்லை. அதனைப் பூசிய பின்னர் அவருக்கு நோய் தணிந்தது உண்மையே. ஆயினும் நோய் தணிந்தது என்பது வேறு. அம்மருந்துதான் தணித்தது என்பது வேறு.

கரப்பானின் இயல்பே ஏறுவதும் இறங்குவதுமாகும். மனிதர் மருந்தை நாடுவது நோய் உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்தில் நின்றது, ஒன்றும் செய்யாவிடினும், பெரும்பாலும் சில வாரங்களில் ஓரளவு இறங்கும். அவ்வேளையில் கடைசியாகப் பூசிய மருந்து எதுவோ அதுவே புகழைத் தட்டிச் செல்லும். குழந்தைகள் பலருக்கு வளர வளர இந்நோய் தானாகவே குறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே தனியொருவரின் அநுபவத்தைக் கொண்டு ஒரு மருந்தை எடைபோட இயலாது. இதற்கென வகுக்கப்பட்டதே மருந்துச் சோதனை.

அதன் முறை எளிது. நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தையும் மற்றதற்குப் பழைய மருந்தையோ சத்தில்லாத ஒப்பு மருந்தையோ கொடுப்பர். யார் எப்பிரிவு என்பதை வைத்தியர் விருப்பத்துக்கு விடாது, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் தீர்மானிப்பர். அங்ஙனமன்றி வைத்தியரே பிரிப்பாராயின், நோய் முற்றியவரை ஒரு பக்கமும் இலேசானவரை மறு பக்கமும் அறியாமலே சேர்த்துவிடக் கூடும். இயன்றவிடத்து, யார் எதனைப் பெறுகின்றனர் என்பதை நோயாளருக்கும் அளப்பவருக்கும் மறைத்து வைப்பர்.

இம்முறையின் பெருமையைத் தமிழகமே ஒருமுறை உலகுக்குக் காட்டியது. 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், 193 நோயாளரைக் குலுக்கல் முறையாற் பிரித்து, ஒரு சாராரைச் சுகாதார நிலையத்திலும் மறுசாராரை அவர்தம் வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை செய்தது. நெருக்கமான ஏழைக் குடில்களில் இருந்தோரும், படுக்கையும் நல்லுணவும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரேயளவிற் குணமடைந்தனர் என்பது 1959 இல் வெளியாயிற்று. வீட்டைவிட்டு மாதக்கணக்கிற் பிரிந்திருக்க இயலாத ஏழை நோயாளருக்கு அதனால் வழி பிறந்தது.

கரப்பானுக்கு வருவோம். வன்மையான நீரே இந்நோயைத் தூண்டுகின்றது என்னும் எண்ணம் இங்கிலாந்திற் பரவியிருந்தது. நீரை மென்மையாக்கும் பொறியை 336 குழந்தைகளைக் கொண்டு சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டனர். மென்னீரில் சவர்க்காரம் நன்கு நுரைக்கும். ஆதலின் வீட்டிற் பொறி இருப்பதைப் பெற்றோருக்கு மறைக்க இயலவில்லை. தோலை அளந்த தாதியருக்கோ எவ்வீட்டிற் பொறி உண்டென்பது தெரியாது. பெற்றோர் சற்றுக் குணம் தெரிந்ததாகக் கூறினர். தாதியரின் அளவையில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. பொறியை நம்பிய மனம், குணத்தையும் கண்டுவிட்டது. மறைத்து அளத்தலின் தேவையை விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சோதனையின் பருமனும் கவனிக்கத்தக்கது. கரப்பான் வரக்கூடிய குடும்பத்தில் பிறந்த சிசுவின் மேனியில் நாள்தோறும் ஈரங்காக்கும் களிம்பைப் பூசினால் நோய் வராமலே தடுக்கலாம் என்று நம்பிக்கை பிறந்தது. 2014 இல் வெளியான, 124 சிசுக்களைக் கொண்ட சோதனையில் ஆறாம் மாத முடிவில் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பின்னர் பிரித்தானியாவில் 1,394 சிசுக்களைக் கொண்டு அதே எண்ணத்தைச் சோதித்தனர். முடிவு 2020 இல் வந்தது. இரண்டு வயதில், பூசியவருள் நூற்றுக்கு 23 பேருக்கும் பூசாதவருள் நூற்றுக்கு 25 பேருக்கும் கரப்பான் இருந்தது, அவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. தோலிற் கிருமி பற்றுவதோ பூசியவரிடத்துச் சற்று மிகுந்திருந்தது. நோய் வந்த தோலுக்கு அக்களிம்பு உதவும். வராமற் காக்கும் என்னும் நம்பிக்கையே ஆட்டங்கண்டது.

இத்தகைய முடிவுகளைத் தோல்வி என்று கருதுவோர் உளர். தோட்டத்துக் குடும்பத்தின் செலவுப் பையிலிருந்து பார்த்தால் அவை பெரும் இலாபங்கள். குளிக்கும் நீரிற் கலக்கும் எண்ணெய்த் திரவங்களை 482 குழந்தைகளிடத்துச் சோதித்து, அவற்றாற் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என 2018 இற் கண்டனர். நீர்ப்பூச்சு, பசைக்களிம்பு, கூழ்க்களிம்பு, நெய்க்களிம்பு என்னும் நால்வகை ஈரங்காப்பிகளை 550 குழந்தைகளிடத்து ஒப்பிட்ட சோதனை, ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்ததன்று என்று 2022 இற் காட்டியது. அவ்வாறாயின், விலை மலிந்ததும் குழந்தை பூச இசைவதும் எதுவோ அதுவே போதும். வாங்கத் தேவையில்லாததை அறிவிக்கும் சோதனை, வாங்க வேண்டியதை அறிவிக்கும் சோதனைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

வெற்றிகளும் உள. 1952 இல் அமெரிக்க வைத்தியர் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பு கரப்பானைத் தணிப்பதை வெளியிட்டனர். ஸ்டீரொயிட் எனப்படும் அம்மருந்துக் குடும்பமே இன்றளவும் சிகிச்சையின் முதுகெலும்பு. அளவறிந்து பூசின் நன்று. வலிய வகையை வைத்தியர் சொல்லின்றி மாதக்கணக்கிற் பூசினால் தோல் மெலியும். பூஞ்சணப் படைக்கு அதனைப் பூசினால் அரிப்பு அடங்கியது போலத் தோன்றிப் படை உள்ளூரப் பரவும்.

2006 இல் ஃபிலக்ரின் என்னும் புரதத்தின் குறைபாடு இந்நோயோடு தொடர்புடையதெனக் கண்டனர். அப்புரதம் தோற்சுவருக்குச் சாந்து போன்றது. அது குறைந்தால் சுவர் வெடித்து ஈரம் வெளியேறும், உறுத்துவன உள்நுழையும். உடலின் எதிர்ப்புச் சக்தி ஆங்கு எழுப்பும் ஆரவாரத்தை அடக்க டுபிலுமாப் என்னும் ஊசி மருந்து வந்தது. 2016 இல் வெளியான இரு சோதனைகளில், பதினாறு வாரத்தின்பின் தோல் ஏறத்தாழத் தெளிந்தோர் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 36 முதல் 38 வரை. ஒப்பு மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 8 முதல் 10 வரை. ஒப்பு மருந்திலும் சிலர் தெளிந்தமை, நோய் தானே இறங்குவதற்குச் சான்று. மருந்து பெற்றவருட் சிலருக்குக் கண் சிவந்து அழன்றது. விலையும் மிக அதிகம். 2022 இல் அமெரிக்காவில் அநுமதி பெற்ற உபடாசிடினிப், அப்ரோசிடினிப் என்னும் மாத்திரைகள் விரைந்து அரிப்பைத் தணிப்பன. கடுமையான தொற்று, குருதிக்கட்டு ஆகியன பற்றிய எச்சரிக்கையுடனேயே அவை வழங்கப்படுகின்றன.

நாட்டு மருந்துகளுக்கும் இதே தராசுதான். 1992 இல் இலண்டனில், சீன மூலிகைக் கஷாயம் ஒன்று கரப்பானைத் தணித்ததாகச் சோதனை காட்டியது. அதே வகைக் கஷாயத்தை 1999 இல் ஹொங்கொங்கிற் சோதித்தபோது பயன் தோன்றவில்லை. தேங்காய் விளையும் பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளிடத்துக் கன்னித் தேங்காய் எண்ணெயையும் கனிய எண்ணெயையும் எட்டு வாரம் ஒப்பிட்டு, தேங்காய் எண்ணெயே மேலென 2014 இல் அறிவித்தனர். அது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் சிறிய சோதனை. 124 சிசுக்களின் கதையை நினைவிற் கொண்டு, பெரிய சோதனை வரும்வரை நம்பிக்கையை அளவோடு வைத்தல் தகும்.

இன்னொரு குறையும் உண்டு. இச்சோதனைகளுட் பல வெண்ணிறத் தோலினரிடத்து நடந்தவை. நோயின் கடுமையை அளக்கும் அட்டவணைகள் சிவப்பை முதன்மையாகக் கொள்கின்றன. கருநிறத் தோலில் அச்சிவப்பு கபிலமாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோ தோன்றும். பழகாத கண் நோயை இலேசென்று மதித்துவிடும். குளிர்நாட்டு வறண்ட காற்றிற் கண்ட முடிவு, இரத்தினபுரி மழையில் நனையும் கைக்கு அப்படியே பொருந்தும் என்பதும் உறுதியன்று. ஆதலின் இம்மக்களையும் உட்கொண்ட சோதனைகள் வேண்டப்படுகின்றன.

ஆனால் வேண்டப்படுவது அவர்களுடைய உடல் மட்டுமன்று. அவர்களுடைய சம்மதமும் வேண்டும். துரை சொன்னால் வரிசையில் நிற்பது என்னும் வழக்கத்தில் பல தலைமுறை வாழ்ந்த தோட்டங்களில் இதனை அழுத்திச் சொல்லுதல் அவசியம். 1964 இல் உலக வைத்திய சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், சோதனைக்கு உட்படுவோர் விளங்கிக்கொண்டு மனமுவந்து இசைய வேண்டும் என்கின்றது. விளக்கம் தமிழில், வாசிக்க அறியாதவர்க்கும் புரியும் வகையில் இருத்தல் வேண்டும். மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையாது. இடையில் விலகவும் உரிமை உண்டு. கையொப்பத்துக்கு முன், மருந்தின் தீங்கு யாது, தீங்கு நேர்ந்தாற் பொறுப்பேற்பவர் யார், சோதனை பதிவு செய்யப்பட்டதா என்று கேட்கலாம். இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006 இல் அமைந்த மருந்துச் சோதனைப் பதிவேடு உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவேடுகளுள் ஒன்று. முன்கூட்டியே பதிந்த சோதனையின் முடிவு பாதகமாயினும் அதனை மறைத்தல் கடினம்.

இதற்கிடையில் செய்யத்தக்கன சில உள. மென்மையான சவர்க்காரத்தை அளவாகப் பயன்படுத்துக. குளித்தவுடன் மலிவான ஈரங்காப்பி ஒன்றைத் தாராளமாகப் பூசுக. குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டுக. அமிலத்தைக் கையாள்வோர் கையுறை கேட்டுப் பெறுக. வீட்டில் பலருக்கும் ஒருங்கே அரித்தால் அது சிரங்காக இருக்கலாம், வைத்தியசாலைக்குச் செல்க. புதிய மருந்தொன்றை எவரேனும் புகழ்ந்தால், எத்தனை பேருக்கு, எதனோடு ஒப்பிட்டு, யார் அளந்தனர் என்று வினவுக. அம்மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத களிம்புக்கு ஒரு நாட்கூலியைக் கொடுக்கவேண்டிய கடமை எந்தத் தாய்க்கும் இல்லை.